தந்தையின் கையொப்பமும் பிள்ளையின் உரிமையும்: நுரைச்சோலைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

குடும்பம் பற்றிய உரைகளிலே தந்தையின் பொறுப்பு பெரும்பாலும் ஒழுக்கவியல் சார்ந்த ஒன்றாகவே எடுத்துரைக்கப்படுகின்றது. நல்ல தந்தை பிள்ளையைக் காப்பான், கற்பிப்பான், கரைசேர்ப்பான். பொறுப்பற்றவன் கைவிடுவான் என்ற அளவில் அவ்வுரைகள் நின்றுவிடுகின்றன. ஆனால் தந்தைமையும் ஏனைய சமூக நிறுவனங்களைப் போன்று வரலாற்றுக்கு உட்பட்டதே. உடைமை முறையும் உற்பத்தி உறவுகளும் மாறுந்தோறும் தந்தையின் அதிகாரமும் கடமையும் மாறி வந்துள்ளன. குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி ஏங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைப் பொதுநிலையில் விளக்கிற்று. பொதுநிலையில் விளக்கப்பட்டதைக் குறிப்பிட்டதொரு பிரதேசத்தின் வரலாற்றில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது நமது பணியாகும்.

இந்நோக்குடன் புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலைக் கரையோரத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பாங்கான ஊர் இது. இத்தீபகற்பத்தில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும், தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும், விவசாயிகளும் மீனவரும் அயலயலே வாழ்கின்றனர். பிள்ளைகளின் உரிமையைத் தந்தையர் நிலைநிறுத்துகின்றனர் என்று நாம் கூறும்போது, அவ்வுரிமை பிள்ளைக்குரியதா அல்லது பிள்ளையின் பெயரால் தந்தை வைத்திருப்பதா என்பதே நமது வினா. இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி பள்ளிக்கூடத்தில் இருப்பாளா, மணவறையில் இருப்பாளா என்பதை இவ்வினாவுக்கான விடையே தீர்மானிக்கின்றது.

1. இரண்டு உப்புக் கரைகள்

நுரைச்சோலையின் குடும்ப வரலாற்றைத் தொடங்குவதற்கு நாம் சற்றுத் தொலைவு செல்லவேண்டியுள்ளது. இந்தோனேசியாவில் ஜாவாவின் வடகிழக்கே மதுரா என்றொரு தீவு உண்டு. நமது மதுரைக்கும் அதற்கும் ஒலியளவில் ஒற்றுமை இருப்பினும், பொருளியல் நிலையில் அதனை ஒத்திருப்பது புத்தளமே. இரண்டும் வரண்ட நிலம். இரண்டும் உப்பு விளையும் கரை. மதுராவின் உப்பை ஒல்லாந்தக் குடியேற்ற அரசும், புத்தளத்தின் உப்பைப் பிரித்தானிய அரசும் தத்தம் தனியுரிமையாக வைத்திருந்தன. இரண்டு கரைகளிலும் வாழும் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபி சட்டமரபைப் பின்பற்றுவோர்.

இவ்வொப்புமையை உறுதிப்படுத்தும் வரலாற்றுச் சான்றும் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தனது ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம்களின் திருமண, வாரிசுரிமை வழக்குகளைத் தீர்ப்பதற்கெனப் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், 1760ஆம் ஆண்டளவில் ஒரு சட்டத் தொகுப்பைச் செய்வித்தது. இலங்கையில் ஆளுநராகவிருந்த இமாம் வில்லெம் பல்க் பத்தாவியாவிலிருந்து இத்தகையதொரு தொகுப்பை 1770இல் இங்கு வரவழைத்தார். பிரித்தானியர் காலத்தில், அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், அது 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவையாக வெளியாயிற்று. தொடக்கத்தில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டும் உரியதாயிருந்த அக்கோவை 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் மூலம் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. எனவே கற்பிட்டிக் கரையின் முஸ்லிம் தந்தை ஒருவரும் மதுராத் தீவின் தந்தை ஒருவரும் ஒரே சட்டமரபையும், அம்மரபை வணிகக் கம்பனியொன்று தன் நிர்வாக வசதிக்காக எழுத்தில் உறையவைத்த முறையையும் பொதுவாகப் பெற்றவர்கள்.

உறையவைத்தல் என்ற சொல்லை நாம் தெரிந்தே ஆளுகின்றோம். 1806ஆம் ஆண்டுக் கோவை பெரிதும் வாரிசுரிமை பற்றியும் திருமணம் பற்றியுமே பேசுகின்றது. அதில் ஆண்பிள்ளை சொத்தின் பங்காளியாகத் தோன்றுகின்றான். பெண்பிள்ளை பங்காளியாகவும் மணமகளாகவும் தோன்றுகின்றாள். உண்ணவும், கற்கவும், கருத்துக் கூறவும் உரிய ஓர் ஆளாகப் பிள்ளை அங்கு தோன்றுவதில்லை. கம்பனிக்கும் அதன்பின் வந்த அரசுக்கும் வேண்டியிருந்தது சொத்துப் பிணக்கின்றி ஆட்சி நடைபெறுவதே.

இது முஸ்லிம் சட்டத்துக்கு மாத்திரம் உரிய குறைபாடு என்று கருதுவது தவறாகும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்த தேசவழமையிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. மனைவியை இழந்த தந்தை மறுமணம் செய்ய விரும்பின், இளம் பிள்ளைகளைத் தாய்வழிப் பேர்த்தியார் அல்லது நெருங்கிய உறவினர் ஏற்று வளர்ப்பர் என்றும், அவ்வேளை இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும் தேடியதேட்டத்தின் பாதியையும் தந்தை பிள்ளைகளுடன் கையளிக்கவேண்டும் என்றும் அது கூறுகின்றது. பிள்ளைக்கு இங்கு ஒரு பாதுகாப்பு உண்டென்பது உண்மை. ஆனால் அது சொத்தைத் தொடர்ந்து செல்லும் பாதுகாப்பு. சீதனமும் தேட்டமும் இல்லாத கூலிக்காரனின் பிள்ளைக்குத் தேசவழமை கையளிப்பதற்கு எதுவுமில்லை.

வழக்கிலுள்ள முதுமொழிகளும் இவ்வமைப்பையே பிரதிபலிக்கின்றன. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நாம் வரிசைப்படுத்துகின்றோம். மதுராத் தீவினர் தந்தை, தாய், குரு, அரசர் என்று வரிசைப்படுத்துகின்றனர். தாயும் தந்தையும் இடம்மாறியிருப்பதும், தெய்வம் இருக்குமிடத்தில் அரசர் இருப்பதும் கவனத்துக்குரியன. ஆயினும் இரண்டு வரிசைகளும் பணியப்பட வேண்டியோரின் பட்டியல்களே. பணியவேண்டியது பிள்ளை, ஆதலால் அதன் பெயர் இரண்டிலும் இல்லை.

2. கடமையும் கையொப்பமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச்சட்டம், போதிய வசதி இருந்தும் மனைவியையோ பிள்ளையையோ பராமரியாது விடும் ஆடவனை நீதிமன்றத்துக்கு அழைத்துப் பணம் செலுத்துமாறு பணித்தது. திருமண உறவுக்கு அப்பாற் பிறந்த பிள்ளையும் இதில் அடங்கும். தந்தையின் அன்பு என்று அதுவரை கருதப்பட்டது சட்டக் கடமையாயிற்று. இது முன்னேற்றமே. ஆயினும் போதிய வசதி இருந்தும் என்ற நிபந்தனையை நாம் மனங்கொள்ளவேண்டும். பிள்ளையின் உரிமை தந்தையின் வருமானத்தில் தொங்கவிடப்பட்டது. வருமானமற்ற தந்தையின் பிள்ளை எவரிடம் கேட்பது என்பதற்கு அச்சட்டத்தில் விடை இல்லை. அதனை நீக்கி வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் தந்தை என்ற இடத்திற் பெற்றோர் என்று வைத்து, கடமையைத் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாக்கியது.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தாபரிப்பு வழக்குகளைக் காதிமாரிடம் ஒப்படைத்தது. இச்சட்டத்திலே தந்தையின் இரண்டு முகங்களையும் ஒருங்கே காணலாம். பிள்ளையின் தாபரிப்புக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரத்தைக் காதிக்கு வழங்குவதன் மூலம் அது தந்தையைக் கடமையாளியாக்குகின்றது. திருமணம் என்று வந்ததும் அதே தந்தையை உரிமையாளியாக்குகின்றது. பதிவேட்டில் மணமகனும், மணமகளின் வலியும், நிக்காஹ் நடத்தியவரும் கையொப்பமிட வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. மணமகளின் கையொப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. ஷாபி மரபுப் பெண்ணின் சம்மதத்தை அவளது வலியே, தனது சம்மதத்துடன் சேர்த்து, தெரிவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அவளுக்கென ஒரு சம்மதம் உண்டென்பதைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் அச்சம்மதம் ஒலிப்பது தந்தையின் குரலில். பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியின் திருமணத்தையும் காதியின் அனுமதியுடன் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு இதனுடன் இணையும்போது, இக்குரல் யாருடையது என்ற வினா மேலும் கூர்மையடைகின்றது. காதியாக நியமிக்கப்படக்கூடியவரும் ஆண் முஸ்லிம் ஒருவரே என்று அச்சட்டம் வரையறுத்தது.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. பிள்ளையைப் பாதிக்கும் விடயங்களிற் பிள்ளையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று அதன் 12ஆம் உறுப்புரையும், வளர்ப்பு தாய் தந்தை இருவருக்கும் பொதுப்பொறுப்பு என்று 18ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. இலங்கை 1991 ஜூலையில் இதனை ஏற்றுறுதி செய்தது. 1995இல் பொது விவாகச் சட்டத்தின் குறைந்த வயது 18 ஆயிற்று. அதே ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையும் திருத்தப்பட்டு, 16 வயதுக்குக் குறைந்த சிறுமியுடனான உறவு, அவள் சம்மதித்தாலும் குற்றமாயிற்று. ஆனால் அவள் 12 வயதுக்கு மேற்பட்ட மனைவியாயின் விலக்கு அளிக்கப்பட்டது. சிறுமியின் உடல் மீது அரசு விரித்த பாதுகாப்பு, தந்தை இட்ட கையொப்பத்தின் முன் நின்றுவிட்டது. முஸ்லிம் விவாகச் சட்டத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, பிளவுபட்ட கருத்துகளுடன் 2018 ஜனவரியில் தன் அறிக்கையைக் கையளித்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. குழு அமைந்தபோது எட்டு வயதாயிருந்த சிறுமி அறிக்கை வந்தபோது பதினேழு வயதை எட்டியிருப்பாள்.

இச்சட்டத்தைத் தொடுவது சமயத்தைத் தொடுவதாகும் என்ற வாதத்துக்கு மதுரா விடை தருகின்றது. அதே ஷாபி மரபில் நிற்கும் இந்தோனேசியா 1974இல் பெண்ணின் திருமண வயதை 16 என்றும் ஆணின் வயதை 19 என்றும் வகுத்தது. 2019இல் இருபாலார்க்கும் 19 என்று உயர்த்தியது. சமயம் மாறவில்லை, சட்டம் மாறியது. அதேவேளை, சட்டம் மாறியதும் தந்தைமை மாறிவிடும் என்று எண்ணுவதும் கற்பனாவாதமே. குறைந்த வயதினருக்கு விதிவிலக்குக் கோரிப் பெற்றோர் நீதிமன்றம் செல்ல இந்தோனேசியச் சட்டம் வழிவிட்டது. 2020இல் அவ்வாறான விண்ணப்பங்கள் 60,000ஐத் தாண்டின. பிள்ளைகளின் இளமையிலேயே மணம் நிச்சயிக்கும் வழக்கம் நிலவிய மதுரா போன்ற பகுதிகளில், வறுமையும் பள்ளிக்கூடத்தின் தொலைவும் முன்போலவே இருக்கும்வரை, தந்தை சட்டத்தின் வாசலிலேயே விலக்கைத் தேடுகின்றான். எனவே தந்தையின் மனத்தை ஆராய்வதற்கு முன்னர் அவனது மண்ணை ஆராயவேண்டியுள்ளது.

3. மண்ணும் கடலும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் விவசாயம் கிணற்றை நம்பியது. மணலின் கீழே மெல்லியதொரு படலமாக நிற்கும் நன்னீரை இறைத்து மிளகாய், வெங்காயம், மரக்கறி முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். மணல் நீரைத் தாங்காது. ஆதலால் நீரும் உரமும் அடிக்கடி இடப்படுகின்றன. உரத்தின் நைத்திரேற்று மணலினூடாக இறங்கி அதே நன்னீரிற் கலப்பதை 1990கள் முதல் ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இக்கரையின் விவசாயக் கிணறுகள் பலவற்றில் அவ்வரையறை மீறப்பட்டுள்ளது. இதனாற் பெரிதும் ஆபத்துக்குள்ளாவது புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தை. பிள்ளையின் உணவுக்காகத் தந்தை இடும் உரமே பிள்ளையின் நீரைக் கெடுக்கின்றது. சந்தை விலைக்கும் உரவிலைக்கும் இடையே அகப்பட்ட சிறுவிவசாயியின் நிலையை இம்முரண்பாடு காட்டுகின்றது; அவனது அன்பின் அளவை இதனைக் கொண்டு அளக்கமுடியாது.

கடற்றொழிலில் இம்முரண்பாடு வேறு வடிவம் பெறுகின்றது. கரைவலையின் உடைமையாளர் சம்மாட்டி. இழுப்போர் பங்குக்கு உழைப்போர். பருவத்துக்கு முன் பெற்ற முற்பணம் தொழிலாளியை வாடியுடன் பிணைக்கின்றது. கடனாளித் தந்தையின் மகன் புத்தகப்பையை வைத்துவிட்டு வலைக்கயிற்றைப் பிடிப்பது இக்கட்டத்தில் நிகழ்கின்றது. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியை நிலைநாட்டியபோது கட்டணம் என்ற தடை நீங்கியது. உழைப்புக்கான தேவை என்ற தடை நீங்கவில்லை. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வாடியிலிருந்து பிள்ளையை மீட்பதற்கு இவை தேவை. ஆனால் சம்மாட்டியிடம் உள்ள கடன் மீளாதவரை மகன் மீளான்.

இந்நிலைமை மேல் வந்து விழுந்தது 1990 ஒக்டோபர் வெளியேற்றம். வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் சில நாள்களில், யாழ்ப்பாணத்தில் சில மணி நேரத்தில், வெறுங்கையுடன் வெளியேற்றினர். அவர்களிற் பெரும்பாலோர் வந்துசேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. நிலமும் கடையும் படகும் உடையவராயிருந்த தந்தையர் ஓலைக் கொட்டில்களிற் பங்கீட்டு உணவுக்காகக் காத்திருப்போராயினர். முன்பே வறுமைப்பட்டிருந்த உள்ளூர்த் தொழிலாளியுடன் அதே கூலிக்காகப் போட்டியிடவேண்டியவராயினர். உடைமை போனபின் தந்தையின் அதிகாரத்துக்கு எஞ்சியது யாது? மகளின் திருமணம் பற்றிய முடிவு எஞ்சியது. முகாமின் பாதுகாப்பின்மையில் மகளைக் காலந்தாழ்த்தாது ஒருவர் கையில் ஒப்படைப்பதே காப்பு என்று எண்ணிய தந்தையரைக் கொடியவர் என்று கூறுதல் எளிது. காப்பதற்கு வேறு கருவி எதையும் சமூகம் அவர்களிடம் விட்டுவைக்கவில்லை என்பதே வரலாறு. அக்கருவி மகளின் வாழ்வைக் கொண்டே செய்யப்பட்டிருந்தது என்பதையும் அதே மூச்சிற் கூறியாகவேண்டும்.

பின்னர் வந்தது அனல் மின்நிலையம். 2006இல் வேலை தொடங்கி, 2011 மார்ச்சில் முதலாம் அலகும் 2014இல் ஏனையவும் இயங்கத் தொடங்கியதும், நுரைச்சோலையின் பெயர் 900 மெகாவாற்று மின்சாரத்துடன் இணைந்து நாடெங்கும் அறியப்பட்டது. நிலம் எடுக்கப்பட்டவர்கள் வேறிடத்திற் குடியேறினர். நிலக்கரித் தூசியும் சாம்பலும் பயிர்மீதும் வீட்டின்மீதும் படிவதாக அயலவர் முறையிட்டனர். நாட்டின் வீடுகளுக்கு ஒளி வழங்கிய முதலீடு, அயல் வீட்டுத் தந்தையின் போதிய வசதியைப் பெருக்கிற்றா என்ற கேள்வி தாபரிப்புச் சட்டத்தின் மொழியிலேயே கேட்கத்தக்கது.

4. தாய் புறப்பட்டபின்

1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் செல்வோர் தொகை பெருகிற்று. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் வெளிநாடு சென்ற தொழிலாளரிற் பெரும்பான்மையினர் பெண்களாகவிருந்தனர். புத்தளம் மாவட்டமும் இதற்கு விலக்கன்று. சட்டத்தில் வீட்டின் தலைவராகவிருந்த தந்தை, நடைமுறையில் மனைவி அனுப்பும் பணத்தைப் பெறுபவரானார். சிறுபிள்ளைக்குச் சோறூட்டவும், காய்ச்சலுக்கு மருந்தெடுக்கவும், பாடசாலைக் கூட்டத்துக்குச் செல்லவும் வேண்டியவரானார்.

இம்மாற்றத்தைப் பலர் வீழ்ச்சியாகவே கண்டனர். குடியும் கைவிடலும் பெருகின என்று எழுதினர். அவ்வாறான குடும்பங்கள் இருந்தன. ஆயினும் இங்கு வரலாறு ஒரு வாய்ப்பையும் திறந்தது. சொத்தாலோ சம்பாத்தியத்தாலோ வரையறுக்கப்படாது, பராமரிப்பு உழைப்பால் வரையறுக்கப்படும் தந்தை இக்கட்டத்திலேதான் நமது கிராமங்களிற் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினான். அவ்வுழைப்பை அரசு ஏற்றுப் போற்றியதா எனின், இல்லை. 2013இல் வந்த சுற்றறிக்கை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தடுத்தது. ஏனைய தாய்மாரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கோரியது. வெளிநாடு செல்லும் தந்தையிடம் அத்தகைய அறிக்கை கோரப்படவில்லை. 2022இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. அந்நியச் செலாவணி நெருக்கடி உச்சமடைந்த ஆண்டு அது என்பதை மறத்தலாகாது. பிள்ளையின் நலன் பேரில் இடப்பட்ட தடை, திறைசேரியின் நலன் பேரில் தளர்ந்தது. பிள்ளைக்குத் தந்தையும் ஒரு பராமரிப்பாளர் என்ற கருத்து இரண்டு முடிவுகளிலும் இடம்பெறவில்லை.

5. முடிவாக

1885இல் வெளியான சித்திலெப்பையின் அசன்பே சரித்திரம், ஈழத்து நாவல் வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது. தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்டு வளரும் மைந்தனின் கதை அது. அதன் ஆசிரியரே கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் அமைக்க முயன்றவரும் ஆவார். தந்தையின் பெயரே ஒருவனின் அடையாளம் என்று நம்பிய காலத்தில், மகளுக்கும் எழுத்து வேண்டும் என்று அவர் கண்டமை குறிப்பிடத்தக்கது. எழுதப் படித்தவள் தன் பெயரைத் தானே எழுதுவாள்.

நாம் கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. பிள்ளையின் உரிமை தந்தையின் உடைமையில் (1707, 1806), தந்தையின் வருமானத்தில் (1889), தந்தையின் கையொப்பத்தில் (1951) என மாறி மாறித் தங்கவைக்கப்பட்டது. தந்தையிடம் தங்கியிருக்கும்வரை அது உரிமையாகாது. நல்ல தந்தை வாய்த்த பிள்ளையின் பேறாகவே இருக்கும். தந்தை இறப்பினும், இடம்பெயரினும், கடனாளியாயினும், கொடியவனாயினும் குன்றாது நிற்பதே பிள்ளையின் உரிமை.

இதனால் தந்தையின் பங்கு குறைந்துவிடுவதில்லை. அதன் தன்மை மாறுகின்றது. தன் மகளின் பெயரால் பேசும் அதிகாரத்தை அவளிடமே மீள ஒப்படைப்பதும், அடுப்படியிலும் தொட்டிலருகிலும் தனக்குரிய உழைப்பை ஏற்பதும், பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கக்கூடிய கூலிக்கும் நிலத்துக்கும் தூய நீருக்கும் ஏனைய தந்தையருடனும் தாய்மாருடனும் சேர்ந்து போராடுவதும் இன்றைய தந்தையின் வரலாற்றுப் பணிகள். முதலிரண்டும் வீட்டினுள்ளே தொடங்கத்தக்கவை. மூன்றாவது தனியொரு வீட்டுக்குள் முடியாதது. வடக்கிலிருந்து வந்த தந்தையும் உள்ளூர்த் தந்தையும், விவசாயியும் மீனவரும், முஸ்லிமும் கத்தோலிக்கரும் ஒரே களப்பின் நீரையும் ஒரே புகைபோக்கியின் தூசியையும் பகிர்ந்துகொள்கின்றனர். அவர்களது பிள்ளைகளின் உரிமையும் பகிரப்பட்ட கோரிக்கையாகும் நாளிலேயே அது தந்தையரின் தயவிலிருந்து விடுபடும். அதற்கு முன்னரே செய்யத்தக்க சிறியதொரு காரியம் உண்டு: மணப்பதிவேட்டில் மணமகளுக்கென ஒரு வரியும், அவ்வரியில் எழுதுவதற்கு முன் அவளுக்குப் பதினெட்டு ஆண்டுகளும் ஒதுக்குதல்.